கிருமிகளுக்குக் காவேரித் தண்ணீர்

மாமாவுக்கு அந்த யோசனை வந்தது, சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து தட்டில் இறால் தொக்கைப் போட்டுக்கொண்ட நொடியில்தான். வாய்வரை கொண்டுபோன இறாலை அப்படியே நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து போட்டுக் கிருமியைக் கொல்றதுக்குப் பதிலா, நல்ல கிருமியா வளர்த்து குளத்துல விட்டா? கெட்டதை அதுங்களே பாத்துக்காது?"

"மொதல்ல வாயில வைங்க. ஆறிப்போவுது," என்றாள் அத்தை.

அத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிருமி என்ற சொல் காதில் விழுந்தாலே கை கழுவப் போய்விடுவாள். மாமா, என் அம்மாவின் அண்ணன், பீன்யா தொழிற்பேட்டையில் பம்ப் செய்யும் ஃபாக்டரியில் இருந்தார். மனசு மட்டும் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு நண்பரின் இறால் குளத்தில் கிடந்தது. கூட்டு சேர வா என்று நண்பர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். போன தடவை அந்தக் குளத்து இறால் முழுக்க நோய் வந்து செத்திருந்தது.

அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். "மொட்டை மாடியில வளர்த்துக் காட்டுங்க. கோயில் திருவிழா வரைக்கும் உசுரோட இருந்தா, வேலையை விட்டுட்டு உங்க பின்னாடியே வரேன். செத்துச்சுன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

விவேக் நகரில் அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. எனக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. போர்வெல் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து மாமா தொட்டியை நிரப்பினார். பாலிதீன் பையில் காற்றடைத்துக் குஞ்சுகள் பஸ்ஸில் வந்து இறங்கின. பள்ளி விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடுவேன். இறால் கண்ணாடி மாதிரி இருக்கும். எங்கே என்று தேடும்போதே விருட்டென்று வேறு பக்கம் போய்விடும்.

கொஞ்ச நாளில் தண்ணீர் கலங்கி, நாற ஆரம்பித்தது. தீனி மிஞ்சி அடியில் அழுகுகிறது என்று சொல்லிவிட்டு, மாமா கிருமிப் பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பல் நிற மாவு. அதைச் சின்ன டிரம்மில் வெல்லத் தண்ணீரில் கரைத்து ஊற வைத்தால் கிருமிகள் பெருகிப் பொங்கும், பிறகு தொட்டியில் ஊற்ற வேண்டும். அந்த டிரம்முக்கு மட்டும் அவர் எடுத்தது காவேரித் தண்ணீர். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், நாங்கள் குடிக்க மட்டுமே வைத்திருக்கும் தண்ணீர்.

"துணி துவைக்க போர் தண்ணி, உங்க செல்லக் கிருமிக்குக் காவேரியா?"

"குடிக்கப் போறதுங்கதானே? நல்லதாக் குடுப்போம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணும்மா," என்று மாமா கன்னடம் கலந்து கெஞ்சினார்.

டிரம் பொங்கவில்லை. மறுபடி கரைத்தார், வெல்லத்தைக் கூட்டினார். மூடியைத் திறந்தால் பானக வாசனைதான். தொட்டியில் இரண்டு இறால் புரண்டு மிதந்தன. மாமா சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மாடியில் நடந்தார். அவர் பின்னால் நானும் நடந்தேன்.

கடைசிப் பொட்டலத்தைப் பிரித்த அன்று மாமா குடத்தோடு கீழே வந்தார். அத்தை, குழாய்த் தண்ணீர் சேரும் தரையடித் தொட்டியான சம்ப்பின் மூடிமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"காவேரி வரல. போர் தண்ணியில கலக்குங்க."

"அது உப்புத் தண்ணி. கிருமி செத்துடும்."

"செத்தா சாவட்டும். எனக்கு நல்லதுதானே?"

காலையில்தான் தண்ணீர் வந்திருந்தது. பல் துலக்கும்போது குளோரின் நெடி மூக்கில் ஏறியது எனக்கு நினைவிருந்தது. "சம்ப்ல..." என்று நான் வாயைத் திறந்ததும் அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மாமா முணுமுணுத்தபடியே போர் தண்ணீரைப் பிடித்தார். அத்தை மாமாவைத் தோற்கடிக்கப் பார்க்கிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டிரம் அடுத்த நாளே நுரைத்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு, புளித்த கள் வாடையோடு வழிந்தது. ஊற்ற ஊற்றத் தொட்டி மெல்லத் தெளிந்தது. திருவிழாக் கொடி ஏறியபோது மிச்ச இறால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மாமா எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தார். அத்தை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, கை கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாமான் ஏற்றிய அன்று, டிரம் அடியில் ஒதுங்கிக் கிடந்த அரைப் பொட்டலத்தை அத்தை என் கையில் திணித்தாள். குளோரின் எதைக் கொல்லும் என்று அந்த வீட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தனக்குப் பிடித்த வேலையை மாமாவுக்காகத் தானே கைகழுவத்தான் அன்று சம்ப் மூடிமேல் உட்கார்ந்திருந்தாள். இதெல்லாம் எனக்கு அன்று விளங்கவில்லை. அவள் கண்ணைப் பார்க்கவும் எனக்கு நேரமில்லை. வேன் தெருமுனை திரும்புவதற்குள் நான் பின்தெருச் சாக்கடைக்கு ஓடிவிட்டேன், பொட்டலத்தைக் கொட்ட.

சாக்கடை நாறுவதை நிறுத்தவில்லை. ஓடும் தண்ணீரில் கிருமி தங்காது என்று மைக்ரோபயாலஜி படிக்கப் போன பிறகுதான் உறைத்தது. தங்குவதற்கு ஏதாவது வேண்டும். தேங்காய் நார் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அதைக் கிருமிக் கரைசலில் ஊறவைத்து, அதே சாக்கடையில் குறுக்கே கட்டப் போகிறேன்.