மேர்சி கொடுத்த காளான்

குருவிட்டவுக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் மேர்சி இருபது வருடமாகப் பால் வெட்டுகிறாள். மழை விட்ட காலைகளில் கறையான் புற்றருகே காளான் கண்டால் இழுத்துப் பிடுங்கமாட்டாள். மண்ணைத் தோண்டி முழுசாக எடுப்பாள். புற்றுக்காளானின் தண்டு வால்போல நீண்டு புற்றுக்குள் இறங்கும். குடையின் நடுவில் கூர் இருக்கும். வால் இல்லாத எதையும் அவள் சட்டியில் போட்டதில்லை.

போன ஐப்பசியில் நிறையக் கிடைத்தது. பாதியை, லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் செல்லையாவுக்கும் அவர் மனைவி தங்கம்மாவுக்கும் கொடுத்தாள். மதியம் சாப்பிட்டவர்கள் பொழுது சாய்வதற்குள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டார்கள். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

மேர்சி கொடுத்த காளான்தான் என்று லயம் முழுக்கப் பேச்சு. புருஷன் அமல்ராஜ் அவளை அடக்கப் பார்த்தான்.

"பேசாம இரு. ரெண்டு நாள்ல மறந்துருவாங்க."

"நாமளும் அதைத்தானே தின்னோம்? நமக்கு ஒண்ணும் ஆகலையே. அவங்க என்னா தின்னாங்கன்னு பார்க்காம விடமாட்டேன்."

தங்கம்மாவின் குசினிக்குப் பின்னால் கிடந்த குப்பையைக் கிளறினாள். வளையம் போட்ட இரண்டு தடித்த தண்டுகள் கிடைத்தன. வாலே இல்லை. அந்தச் சாதி எங்கே முளைத்திருக்கிறது என்று தேடிக்கொண்டே போனாள். விளையாட்டு மைதானத்துப் புல்லில், தட்டு அகலத்தில் வெள்ளைக் குடைகள் நின்றன. ஒன்றைத் திருப்பினாள். அடிமடிப்புகள் அழுக்குப் பச்சை. தாளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வார்டில் டொக்டர் முன் தாளை விரித்தபோது அதில் பச்சைத் தூள் படிந்திருந்தது. "இதைத்தான் சாப்பிட்டிருக்காங்க," என்று சிங்களத்தில் சொன்னாள்.

டொக்டர் குனிந்து பார்த்தார். "கொண்டு வந்தது நல்லது. ஈரலைக் கெடுக்கிற சாதியோன்னு பயந்துகொண்டிருந்தோம். இது வயிற்றைத்தான் புரட்டும்."

சேலைன் ஏறிக்கொண்டிருந்த செல்லையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாந்தான் புள்ள. நீ குடுத்தது காணாதுன்னு கிரவுண்டுல இருந்ததையும் பிடுங்கிச் சேர்த்துட்டேன். தங்கம்மாவுக்கே தெரியாது."

"எங்கிட்ட சொன்னா பத்தாது மாமா. பெரட்டுல வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

மூன்றாம் நாள் வீடு திரும்பியவர், மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடி நிற்கும்போது, தலைகுனிந்தபடி சொன்னார். மேர்சி இரண்டு சாதியையும் விரித்த சாக்கின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அப்படியும் அன்றைக்கு அவள் கொடுத்த புற்றுக்காளானை ஒருவரும் வாங்கவில்லை. அவளும் அமல்ராஜும் மட்டும் சமைத்துத் தின்றார்கள்.

அடுத்த மழைக்குத் தங்கம்மா சட்டியோடு வந்து நின்றாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். செல்லையாதான் இன்றுவரை காளான் பக்கம் கை நீட்டுவதில்லை.