இடி மட்டும் கேட்ட வாரம்

அந்த வாரத்தை நான் இன்றைக்கும் உடம்பால்தான் நினைத்துக்கொள்கிறேன். முதுகு முழுக்க வேர்க்குரு. கொப்பியில் கையை வைத்தால் தாள் ஒட்டிக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மானிப்பாய்க்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மின்சாரம் நின்றுபோய் இரண்டு வருசம் ஆகியிருந்ததால் கூடத்தில் தொங்கிய மின்விசிறியில் குளவி கூடு கட்டியிருந்தது. சித்திரை வருசப் பிறப்பு முடிந்து இரண்டு கிழமை. எனக்குப் பதினெட்டு வயது, உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. எந்தப் பாடத்திலும் பத்து நிமிசம் சேர்ந்தாற்போல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் இரண்டு மணிக்குத் தெற்கே முகில் ஏறும். காற்று சட்டென்று நின்றுவிடும். முருங்கை இலைகூட அசையாது. பிறகு தூரத்தில் உறுமல் கேட்கும். ஒழுங்கையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் காதைக் கொடுப்பார்கள். தெற்கிலிருந்து என்றால் இடி, வடக்கே ஆமி முகாமிலிருந்து என்றால் ஷெல். தெற்கு என்று தெரிந்ததும் எல்லோரும் வானத்தைப் பார்த்து ஒரு நம்பிக்கையோடு நிற்பார்கள். முகில் எங்கள் தலைக்கு மேலால் கடலுக்குப் போய்விடும். ஒரு துளி விழாது. போன பிறகு புழுக்கம் இரண்டு மடங்காகும்.

அம்மா அரசாங்க மருத்துவிச்சி. ஊரில் எல்லோருக்கும் அவ ‘மிஸ்ஸி’. காலையில் வெள்ளைச் சேலையோடு சைக்கிளில் புறப்பட்டால் நாலைந்து கிராமம் சுற்றி மத்தியானம் வருவா. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வீட்டில் தாயும் மகளுமாக நாங்கள் இரண்டு பேர்தான். கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, அதாவது அம்மாவின் ஒரே அக்கா, தன் மகளோடும் மருமகனோடும் இருந்தா.

அம்மாவும் பெரியம்மாவும் கதைத்து ஐந்து வருசம். இரண்டு வீடும் நின்றது, தாய் தகப்பன் சீதனமாக இரண்டாகப் பிரித்துக் கொடுத்த ஒரே வளவில். ஒரு வேலியடைப்பின்போது பெரியம்மாவின் ஆட்கள் வேலிக் கதியாலை எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று அம்மா போய்க் கேட்டிருக்கிறா. அதிலே வந்த பேச்சு. போக்குவரத்துக்கு என்று ஆள் புக வேலியில் விட்டிருந்த பொட்டு வழியும் அன்றைக்கே அடைபட்டது. எனக்கு மட்டும் தடை இல்லை. ஆனால் நான் ஒழுங்கையால் சுற்றிப் படலையைத் திறந்துகொண்டுதான் போகவேண்டும்.

பெரியம்மாவின் மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த வாரம் அவளுக்குத் தலைப்பிள்ளை. கணக்குப்படி சனிக்கிழமை பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை.

அம்மாவின் கிளினிக்குக்குத்தான் அக்கா மாதா மாதம் போய் வந்தாள். அம்மா மற்றப் பெண்களைப் பார்ப்பதுபோலவே பார்ப்பா. வயிற்றை அளப்பா, கார்ட்டில் எழுதுவா, மாத்திரை கொடுப்பா, “அடுத்த மாசம் வாங்கோ” என்று சொல்லுவா. ஒன்பது மாதமும் தன் பெறாமகளை ‘வாங்கோ போங்கோ’ என்றுதான் சொன்னாவாம். அக்காவே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்.

திங்கட்கிழமை அம்மா வேலையால் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, சாப்பிடாமல் வேலிக் கரையில் கொடியிலிருந்த உடுப்புகளை எடுக்கப் போனா. எடுத்ததைத் திரும்பப் போட்டா. திரும்ப எடுத்தா. பிறகு என்னிடம் வந்து, “பிள்ளை, சும்மா போறமாதிரி அங்கை போயிட்டு வா. கால் வீங்கியிருக்கோ, தலையிடி இருக்கோ, கண் மங்குதோ எண்டு பார்த்துக்கொண்டு வா” என்றா.

“நீங்கள் கேக்கச் சொன்னதெண்டு சொல்லட்டோ?”

“ஏன் அதை? நீயாக் கேள்.”

அக்கா சீமெந்து நிலத்தில் பாய்கூட இல்லாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நனைத்த துவாயை வயிற்றில் போட்டிருந்தாள். நான் கால் வீக்கத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குசினிக்குள்ளிருந்து பெரியம்மா குரல் கொடுத்தா. “வீங்கேல்லையெண்டு சொல்லு. தலையிடியும் இல்லை. ராத்திரி நித்திரைதான் இல்லை. நான் சொன்னதெண்டு சொல்லாதை.”

செவ்வாயும் அதே. ஒரு நாளைக்கு மூன்று தரம் ஒழுங்கையைச் சுற்றினேன். வெயில் தலையில் இறங்க, கையில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தோ திருப்பிக் கொடுக்கிற புத்தகமோ ஏதாவது ஒரு சாட்டு இருக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே நுங்கு வண்டில்காரன் போல அலைந்தேன். வேலி என்பது வெறும் கிடுகு. அந்தப் பக்கம் பெரியம்மா தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

புதன்கிழமை முகில் அதிகம் கறுத்தது. இடி வீட்டுக்கு மேலேயே வந்து உருண்டது. காகங்கள் வாயைப் பிளந்தபடி கிணற்றுக்கட்டில் இருந்தன. அம்மா விறாந்தையில் அங்குமிங்கும் நடந்தா. “மழை வந்தால் ஒழுங்கையிலை கார் வராது. இண்டைக்கே கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலை விடச்சொல்லு. பிள்ளைப்பேற்று நோ வருமட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.”

நான் போய்ச் சொன்னேன். அத்தான் ஓம் என்று எழும்பினார். பெரியம்மா விடவில்லை. ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராம், இந்த வெக்கையில் பிள்ளைத்தாச்சி எப்படிக் கிடப்பாள், வியாழக்கிழமை நாளும் சரியில்லை, வெள்ளி பின்னேரம் போகலாம் என்றா. அத்தான் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் பெரியம்மா சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

திரும்பி வந்து சொன்னதும் அம்மா கையிலிருந்த செம்பை நிலத்தில் வைத்த சத்தம் வேலிக்கு அங்காலும் கேட்டிருக்கும்.

வியாழக்கிழமை நான் ரியூசனுக்கு நல்லூர் வரை சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, கால் முகம் கழுவ முதல் அம்மா வந்து நின்றா. “ஒருக்கா ஓடிப்போய், பிள்ளை துடிக்கிறது குறைஞ்சிருக்கோ எண்டு—”

எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வெக்கையாக இருக்கலாம். “நான் போகமாட்டன். நீங்களே போய்க் கேளுங்கோ. ஊரிலை எல்லாற்றை வீட்டுக்கும் போறியள். இது பத்து அடி. உங்கடை சண்டைக்கு நான் ஏன் வெயிலுக்கை சாகவேணும்?”

அம்மா என்னை அடிப்பா என்று நினைத்தேன். அவ கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தா.

“அண்டைக்கு அவ என்ன சொன்னவ எண்டு உனக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு எல்லை எதுக்கு எண்டு கேட்டவ. கூலிக்கு வந்த சனத்துக்கு முன்னாலை. கொப்பா செத்து அப்ப ஆறு வருசம். அந்த ஆறு வருசத்திலை ஒருத்தரும் என்னட்டை அப்பிடிச் சொன்னதில்லை. என்ரை கூடப்பிறந்தவ சொன்னா.”

அம்மா அழவில்லை. எழும்பிப் போய்க் குசினியில் அடுப்பை மூட்டினா. நான் தேத்தண்ணிக்கு என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் கத்தரிக்கோலும் கிடுக்கியும் தண்ணீருக்குள் கொதித்துக்கொண்டிருந்தன. ஆறியதும் சுத்தத் துணியில் சுற்றிப் பையில் வைத்து, பையைப் பின்கதவுக்குப் பக்கத்தில் வைத்தா. அன்று அக்கா வீட்டுக்கு நானாகவே போனேன். பிள்ளை துடிக்கிறது என்று வந்து சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அம்மா வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று சொல்லியனுப்பினா. என் ஞாபகத்தில் அவ அப்படிச் செய்தது அந்த ஒருநாள்தான். மத்தியானம் இரண்டு மணிக்கு அக்காவுக்கு நோ தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் முனகியது எங்களுக்குக் கேட்டது. அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கார் பிடிக்க ஓடியதும் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஓடுகிற கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் மண்ணெண்ணெயில். ஸ்ராட் ஆவதற்கே அரை மணித்தியாலம் தள்ளவேண்டும்.

அம்மா விறாந்தையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நோ வருகிற இடைவெளியை அளந்தா. “கிட்டக் கிட்ட வருது” என்று எனக்கோ தனக்கோ சொன்னா.

மூன்று மணிக்கு வானம் பிளந்தது. ஐந்து நாளாகச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. முதல் மின்னலும் இடியும் சேர்ந்தே விழுந்தன. முற்றத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒழுங்கை முகப்பில் ஏதோ முறிந்து விழுகிற சத்தம் கேட்டது. மாமரத்தின் பெரிய கொப்பு பாதைக்குக் குறுக்கே விழுந்தது என்பது பிறகுதான் தெரியும்.

அப்போதுதான் வேலியடியில் பெரியம்மாவின் குரல்.

“பிள்ளை! பிள்ளை, கொம்மா நிக்கிறாவோ?”

நான் பதில் சொல்ல வாய் திறக்க முதல் அம்மா பையை என் கையில் திணித்துவிட்டு மழைக்குள் இறங்கிவிட்டா. ஒழுங்கையால் சுற்றப் போவா என்று நினைத்தேன். கிணற்றடியில் கிடந்த, குழை வெட்டுகிற கொக்கைச் சத்தகத்தை எடுத்து, பொட்டு இருந்த இடத்தில் வேலிக் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தா. அந்தப் பக்கம் பெரியம்மா கிடுகுகளைக் கையாலே பிய்த்து இழுத்தா. ஆள் புக இடம் வந்ததும் அம்மா புகுந்தா. பின்னால் நானும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு புகுந்தேன். சட்டை கதியாலில் மாட்டிக் கிழிந்தது.

அறைக்குள் இருட்டு. ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி என்னைப் பிடிக்கச் சொன்னா அம்மா. பெரியம்மாவை அக்காவின் தலைமாட்டில் இருத்தி, தோள் இரண்டையும் பிடிக்கச் சொன்னா.

“அக்கா, நடுங்காமல் பிடியுங்கோ” என்றா அம்மா. “நீங்கள் நடுங்கினால் அவளும் பயப்பிடுவாள்.”

ஐந்து வருசத்துக்குப் பிறகு அம்மா தன் அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை அது. வேறொன்றுக்கும் அங்கே நேரமில்லை.

நான் அதுவரை பிரசவம் பார்த்ததில்லை. அம்மாவின் குரல் வீட்டில் கேட்கிற குரல் இல்லை. “இப்ப முக்காதை ராசாத்தி, வாயாலை மூச்சு விடு… இப்ப, இப்ப” என்று தாழ்ந்த, ஒரே சீரான குரல். ‘வாங்கோ போங்கோ’ போன இடம் தெரியவில்லை. தலை வந்தபோது அம்மா ஒரு கணம் அசையாமல் நின்றா. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. விரலை விட்டுத் தளர்த்தி, தலைக்கு மேலால் எடுத்துவிட்டா. பிள்ளை வெளியே வந்தது. நீலம் பாய்ந்திருந்தது. அழவில்லை.

அம்மா அதைத் துணியால் தேய்த்தா. வாயைத் துடைத்தா. உள்ளங்காலைச் சுண்டினா. பெரியம்மா அந்தோனியாரைக் கூப்பிட்டா, பிள்ளையாரைக் கூப்பிட்டா, கடைசியில் அம்மாவின் வீட்டுப் பெயரைக் கூப்பிட்டா. அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதே இல்லை. வெளியே இன்னொரு இடி. அந்த இடியில் பிள்ளை அழுத முதல் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. திறந்த வாயைத்தான் கண்டேன். பிறகு சத்தமும் கேட்டது.

பெண்பிள்ளை.

அத்தான் தெப்பமாக நனைந்து, கார்க்காரரோடு நடந்தே வந்தார். கொப்பை அலவாங்கால் நெம்பி விலக்கி, மழை தணிய ஆறு மணிக்குத்தான் கார் உள்ளே வந்தது. அம்மா தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அதே ஈரச் சேலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனா. நானும் பெரியம்மாவும் அறையைக் கழுவினோம். கழுவி முடிந்ததும் என் கிழிந்த சட்டையைக் கழற்றச் சொல்லி, விளக்கடியில் இருந்து தைத்துத் தந்தா.

அடுத்த நாள் வெயில் முன்னரைவிட மோசம். ஈர நிலத்திலிருந்து ஆவி எழும்பியது. அம்மாவும் பெரியம்மாவும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அக்கா பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்றே, சர்க்கரைத் தண்ணி பருக்குவதா இல்லையா என்று இருவரும் பெரிய சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். “படிச்ச மிஸ்ஸி சொல்லுறா” என்று பெரியம்மாவும், “எனக்குப் படிப்பிக்க வேண்டாம்” என்று அம்மாவும். அதற்குப் பிறகு அவர்கள் கதைக்காமல் இருந்த நாள் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்தப் பழைய பேச்சைப் பற்றி இருவரில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

ஒரு கிழமை கழித்து, அம்மா காலையில் புறப்படும்போது நான் கேட்டேன். “அம்மா, பெரியம்மா கூப்பிடாட்டில் போயிருப்பியளோ?”

அவ சைக்கிள் கைபிடியைப் பிடித்தபடி நின்றா. பெல்லை ஒருதரம் விரலால் தடவினா.

“தெரியேல்லை பிள்ளை” என்றா. “நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.”

பிறகு ஏறி மிதித்துப் போய்விட்டா. நான் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஒரு வரியும் படிக்கவில்லை.