பட்டுக்குப் பழகிய கை

என் வீட்டுக்காரர் சண்டை போட்டுப் பேர் வாங்கியவர். வாய்ச்சண்டை இல்லை, அதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவருடையது மெத்தை விரித்து, இரண்டு பேரை இறக்கிவிட்டு, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாவற்றையும் கலந்து போடச் சொல்லும் சண்டை. எம்.எம்.ஏ. என்பார்கள். ஆரணியில் அதற்கு இன்ன பேர் என்றே தெரியாத காலத்தில் அவர் அதில் சாம்பியன். சென்னைப் போட்டிகளில் வருஷக்கணக்காக அவரை யாரும் ஜெயித்ததில்லை. பகலெல்லாம் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு கல்யாணப் புடவை நெய்கிற ஆள் என்று சொன்னால் அங்கே ஒருத்தரும் நம்பமாட்டார்களாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்களுக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று, "பையனுக்கு கராத்தே தெரியும்" என்று அவர் அம்மா பெருமையாகச் சொன்னதும் என் அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. பொண்ணைப் போட்டு அடிப்பானோ என்ற பயம். நான் காபி கொடுக்கிற சாக்கில் அவர் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் மழமழவென்று இருந்தது. இந்தக் கையா அடிக்கப்போகிறது என்று சரி சொல்லிவிட்டேன்.

அந்த மழமழப்புக்குக் காரணம் விளக்கெண்ணெய். பட்டு இழை தலைமுடியைவிட மெல்லிசு. விரலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் மாட்டி அறுந்துவிடும். அதனால் தறியை விட்டு எழுந்ததும் விரலில் தொடங்கி முழங்கை வரைக்கும் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பார். காலையில் சீயக்காய் போட்டு, பட்டில் எண்ணெய்க் கறை படாதபடி சுத்தமாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தறியில் உட்காருவார். என் பிறந்த வீட்டிலும் நெசவுதான், அப்பாவுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இவருக்கு இன்னும் அதிகம் தேவைப்பட்டது. மூட்டையில் மண்ணை நிரப்பிக் குத்துகிற கை எத்தனை நாளைக்கு வழவழப்பாக இருக்கும்?

கேபிள் டிவி வந்த பிறகு வெளிநாட்டுச் சண்டைகளைப் பார்க்க ஆரம்பித்தார். சிடி கடை நண்பர் ஒருவர் அந்தச் சண்டை சிடிகளை எங்கிருந்தோ வாங்கிவந்து கொடுப்பார். ஒரே பிடியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது, அப்புறம் என்னிடம் வந்து, "கொஞ்சம் கைய குடேன், ஒண்ணு பாக்கணும்" என்பது.

"வேற ஆளப் பாருங்க. எனக்கு சோறு வடிக்கிற வேலை இருக்குது."

இப்படித்தான் படித்தார். எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்தால் விடமாட்டார். தறியில் மிதிகட்டையை மிதித்து மிதித்து உரமேறிய கால் வேறு. கீழே போட்டுக் கையை மடக்கிவிட்டால் எதிராளி மெத்தையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு முறையும் ஜெயித்து வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி தறியில் உட்கார்ந்துகொள்வார். ரைஸ் மில் களத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆரம்பித்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று களம் நிறைந்துவிடும். அந்தப் பிள்ளைகள் அவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதுதான் அவருக்குச் சோறு தண்ணி எல்லாம்.

அந்தப் பார்வைக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது.

பொதுவாகப் போட்டிக்கு முதல் நாளே சென்னைக்குப் போய்விடுவார். அந்த முறை முதலாளிக்கு ஒரு முகூர்த்தப் புடவை அவசரமாக வேண்டியிருந்தது. பொழுது சாயும்வரை நெய்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல எண்ணெய் பூசிப் படுத்தார். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஜல்தியாக வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினார். இன்றைக்குத் தறியில் உட்காரப் போவதில்லை, சீயக்காய் எதற்கு என்று நினைத்துவிட்டார். நெசவுக்காரனைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்யமுடியாது. அவரைப் பொறுத்தவரை அந்த எண்ணெய் பட்டுக்கு மட்டும்தான் விரோதி.

எதிராளி சென்னைப் பையன், இவரைவிட வயதில் சின்னவன். இவர் வழக்கம்போலக் கையை மடக்கினார், பையன் மெத்தையைத் தட்டிவிட்டான், நடுவர் இவர் கையைத் தூக்கிவிட்டார். அப்புறம்தான் பையன் எழுந்து நின்று கத்தினான்.

"ஏமாத்து வேல சார் இது. புடிச்சா வழுக்கினே இருக்குது. எண்ணெ தடவிகினு வந்துகிறான்."

நடுவர் வெள்ளைத் துண்டால் இவர் முழங்கையைத் துடைத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். வேர்வையோடு சேர்ந்து எண்ணெய் பளபளவென்று ஊறியிருந்தது. எதிராளி பிடிக்க முடியாதபடி உடம்பில் எண்ணெய் பூசுவது அந்த விளையாட்டில் பெரிய குற்றமாம். ஜெயித்தது செல்லாது என்று சொல்லி, இடுப்பில் கட்டிய சாம்பியன் பெல்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். பட்டு, தறி, விரல் வெடிப்பு என்று இவர் விளக்கியிருக்கிறார். யார் கேட்பார்கள்?

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பையன் எதிரே வந்திருந்தால் துடைப்பக்கட்டையை எடுத்திருப்பேன். எங்கள் தெருவில் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது, எல்லார் வீட்டிலும் எண்ணெய்ப் பாட்டில் இருக்கிறதே. மற்ற தெருக்களில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. இத்தனை வருஷமும் இப்படித்தான் ஜெயித்தானா என்று டீக்கடையில் கேட்டார்களாம். களத்துக்கு வருகிற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஒரு சாயங்காலம் யாருமே வரவில்லை. அவர் மட்டும் வெறும் களத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

போட்டிக் கமிட்டிக்கு நடையாக நடந்து, அதே பையனோடு இன்னொரு முறை மோத அனுமதி வாங்கிவந்தார். வந்த கையோடு எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"போட்டி முடியற வரைக்கும் இத நான் தொடமாட்டேன்."

"சீயக்கா போட்டு தேச்சா போய்டப் போவுது. தறி இன்னா ஆவறது?"

"ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது. அவன் என்ன புடிக்கணும். நல்லா புடிக்கணும். அப்புறம் நான் ஜெயிக்கணும்."

பாட்டிலைக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தேன். கொஞ்ச நாளில் அவர் கை காய்ந்து வெடித்துப்போனது. தொட்ட இடத்தில் இழை மாட்டியது. ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கக்கூட முடியவில்லை. தறியில் பூட்டிய பாவு நூல் பாதி நெய்தபடி நிற்கிறது, முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் இடத்தில் தறியில் உட்கார்ந்தேன். அவர் சமையலறைக்குள் போனார். ரசம் என்ற பேரில் அவர் வைத்த புளித்தண்ணியை நானும் என் பொண்ணும் குடித்த கதையை இப்போது சொல்லவேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னா, சாம்பியன் வெங்காயம் அரிஞ்சிகினு கீறாரு?" என்று கிண்டல் செய்வாள்.

"ஆமா, அவரு கண்ணுல தண்ணி வரவச்சதே அந்த வெங்காயம்தான். வேற யாராலயும் முடியல" என்பேன்.

போட்டி அமாவாசையன்று வந்தது. அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டோம், அதனால் தெருவே வேன் பிடித்துக் கிளம்பியது. அதுவரை நான் எந்தச் சண்டையையும் பார்த்ததில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அன்றைக்குப் போனேன். நடுவர் துடைத்துப் பார்த்தார், துண்டு வெள்ளையாகவே இருந்தது. எங்கள் தெருக்காரர்கள் கைதட்டினார்கள்.

இந்த முறை பையனின் பிடி வழுக்கவில்லை. பிடித்தான், தூக்கினான், போட்டான். இவர் எழுந்தால் மறுபடி போட்டான். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். தோற்றாலும் பரவாயில்லை, முழுசாக வீட்டுக்கு வந்தால் போதும் என்றுகூட நினைத்தேன். அவன் மூன்றாவது முறை தூக்கப்போனபோது இவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி எனக்குத் தெரியும். எத்தனை நாள் சோறு வடிக்கவிடாமல் என்மேல் ஒத்திகை பார்த்த பிடி. இரண்டு பேரும் உருண்டார்கள். பையன் மெத்தையைத் தட்டினான்.

பெல்ட் திரும்பி வந்தது. கணக்கில் மட்டும் முதல் சண்டை செல்லாதது செல்லாததுதான், அந்தப் பையனோடு மோதியதில் இவருக்கு ஒரே ஒரு வெற்றி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் களம் மறுபடி நிறைந்தது. பொம்பளைப் பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள், முதலில் வந்தது எங்கள் பொண்ணு. அப்புறம் சில வருஷம் தோற்காமலே ஆடிவிட்டு, உடம்பு நன்றாக இருக்கும்போதே அவர் நிறுத்திக்கொண்டார். இன்றைக்கு அவரிடம் படித்தவர்களே வேறு ஊர்களில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சென்னைப் பையன் சில வருஷம் கழித்து அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனுக்குக் கல்யாணமாம். மனசுக்குள் நான் சேர்த்துவைத்திருந்த திட்டெல்லாம் வாய்வரை வந்தது.

"அண்ணி, கடையில வாணாம். பொண்ணுக்கு முகூர்த்தப் பொடவ அண்ணன் கையால நெய்யணும்" என்றான்.

அம்மா பக்கத்தில் நிற்கிற பிள்ளையை எப்படித் திட்டுவது? "பொண்ணு இன்னா நெறம்? எந்தக் கலர் எடுக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் போனோம். அவர் நெய்த அரக்குப் புடவையில் பெண் நின்றிருந்தாள். மேடையில் ஏறியதும் பையன் இவர் கையைப் பிடித்து மாமனார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். அவனோடு பயிற்சி எடுக்கிறவர்கள், அன்றைக்குத் துண்டால் துடைத்த நடுவர், எல்லாரும் எதிரில் இருந்தார்கள்.

"இவருதான் மாமா, ஆரணி அண்ணன்" என்றான். "என்ன ரெண்டு தடவ ஜெயிச்சவரு."

ஒரு தடவை என்று இவர் திருத்தப்போனார். நான் அவர் காலை மிதித்தேன்.