பதினோரு நாள்

எழுபதுகளின் நடுவில் துபாய் தேராவில், ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட்டின் சின்ன அறையில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். வாடகைக் காண்ட்ராக்ட் திருச்சிக்காரர் ஒருவர் பெயரில் இருந்தது. அவர் எங்களுக்கு அந்த ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த அக்கா முதல் நாளே சட்டம் போட்டாள்: காலை ஆறு மணிக்குள் சமைத்து முடித்துவிட வேண்டும், விட்டால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான். நடுவில் பசித்தால் அது என் தலையெழுத்து.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அந்த மனிதர் வந்து, தன் மச்சான் வருகிறான், மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யுங்கள் என்றார். பிரசவம் வரைக்குமாவது விடுங்கள் என்று என் கணவர் கெஞ்சினார்.

"எம்பேர்ல இருக்கிற வீடு சார். நான் என்ன பண்றது?" என்றார் அவர், பல் குத்திக்கொண்டே.

பல் குத்திக்கொண்டே சொன்னார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வீடு இல்லாமல் அங்கே குடும்பம் வைத்துக்கொள்ள முடியுமா? பெரிய வயிற்றோடு என்னை விமானம் ஏற்றிவிட்டு என் கணவர் ஆண்கள் மட்டும் தங்கும் கம்பெனி கேம்ப்புக்குப் போனார். மகள் ஊரில் பிறந்தாள், ஊரிலேயே நடக்கவும் பழகினாள். ஒன்றரை வருடம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, கை நீட்டிய அப்பாவைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அதற்கப்புறமும் இரண்டு மாதம் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

பின்சந்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை கிடைத்தது. எனக்கு டைப்பிங் தெரியும் என்பதால் வேலையும் கிடைத்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் முன்பு குடியிருந்த அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அந்தக் கட்டட முதலாளியின் ஆபீசில். அர்பாப் என்று எல்லாரும் கூப்பிடும் அந்தக் கிழவருக்கு வாக்கு என்றால் வாக்கு, தேதி என்றால் தேதி. தேதியும் அரபு வருடக் கணக்கில்தான். அந்த வருடம் நம் காலண்டர் வருடத்தைவிடப் பதினோரு நாள் குறைவு. காண்ட்ராக்ட்டில் வேறு தேதியே இருக்காது.

நம் ஆட்கள் யாருக்கும் இது தெரியாது. அரபியில் எழுதிய தாளில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த மலையாளி குமாஸ்தா, காண்ட்ராக்ட் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு கதவாகத் தட்டி, வந்து புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார். அதற்கு ஒரு நோட்டீஸ் சீட்டும் உண்டு. இப்போது அந்தச் சீட்டு என் மேஜையில் இருந்தது.

திருச்சிக்காரர் ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார். குடும்பத்தோடு லீவில் ஊருக்குப் போகிறாராம். மச்சான் எப்போதோ வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டானாம். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தார்.

"காண்ட்ராக்ட் முடியறதுக்கு நாலு நாள் முன்னாடியே வந்துருவேன்மா. வந்து கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார்.

அவர் ஃபைல் என் முன்னால் திறந்தே கிடந்தது. அரபுக் கணக்கில் அவர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பே அது முடிந்துவிடும். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கேயே புதுப்பித்துவிட்டுப் போயிருப்பார். நல்லபடியாகப் போய் வாருங்கள் சார் என்றேன். அவர்கள் விமானம் ஏறிய மறுநாள், பூட்டிய கதவுக்கு அடியில் அந்தச் சீட்டைத் தள்ளிவிட்டு வந்தேன்.

எண்ணெய்ப் பணம் கொட்டிய காலம் அது. ஒரு வீடு காலி என்றால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். தேதி முடிந்தும் அர்பாப் மூன்று நாள் பொறுத்தார். பிறகு தன் சாவியால் கதவைத் திறந்தார். சீட்டு தரையில் கிடந்தது. கலாஸ், முடிந்தது என்றார். புதுக் காண்ட்ராக்ட்டுக்கு நான் அங்கேயே என் கணவர் பெயரைச் சொன்னேன்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட என் கணவர், பாவம்டி, அவனும் பிள்ளைக்குட்டிக்காரன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மகள் உங்களை மாமா என்று கூப்பிட்டபோது எங்கே போயிருந்தது இந்தப் பாவம் என்று கேட்டேன். அவர் போய்க் கையெழுத்துப் போட்டார்.

லீவு முடிந்து அவர்கள் பெட்டிகளோடும் கைக்குழந்தையோடும் வந்து கதவைத் தட்டியபோது நான்தான் திறந்தேன். அவர்கள் சாமான்கள் மொட்டை மாடி அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவர் கீழே ஓடிப்போய் அர்பாப்பிடம் கத்திவிட்டு, வியர்த்துப்போய் மேலே வந்தார். சின்ன அறை காலியாகத்தான் இருக்கிறது, வேண்டுமானால் தங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வேறு எங்கே போவார்கள்? அடுத்த நாள் அந்த அக்கா சமையலறை வாசலில் நின்று, எப்போது சமைக்கலாம் என்று கேட்டாள். ஆறு மணிக்குள், இல்லாவிட்டால் இரண்டுக்கு மேல் என்றேன். என் மனசு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன்.

ஒரு மாதம் விட்டேன். பிறகு என் தம்பி வருகிறான், அறையைக் காலி செய்யுங்கள் என்றேன். எனக்குத் தம்பியே கிடையாது.

திருச்சிக்காரர் தன் கம்பெனி கேம்ப்புக்குப் போனார். ஊருக்குக் கிளம்பிய அன்று அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"உனக்கு அந்தத் தேதி தெரியும், இல்லையா?"

"தெரியும்க்கா."

அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. "இவன் அவரை மறந்துருவான்டி" என்றாள்.

"மறப்பான்க்கா. எம்பொண்ணுக்கு அப்பா மொகமே தெரியாம இருந்துச்சு" என்றேன்.

அவள் படியிறங்கிப் போனாள். நான் உள்ளே வந்து மணியைப் பார்த்தேன். பதினொன்று. எனக்குப் பசியே இல்லை. ஆனாலும் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.