மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில்

கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஜனவரி மாலை, நானும் மனைவியும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். இருட்டியதும் நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. எத்தனையோ வருஷமாக எனக்கு அப்படித் தெரிந்ததில்லை. கடலுக்கு மேலே வரிசையாக மூன்று. அவற்றுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் ஊதிவிட்ட புகை மாதிரி மங்கலாக இருந்தது. இமைத்து இமைத்துப் பார்த்தேன். போகவில்லை. ஆபரேஷன் சரியாக வரவில்லையோ என்று பயம் வந்தது.

"அந்த மூணுக்கு வலப்பக்கம் ஒண்ணு இருக்கே, உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். "அது மட்டும் கலங்கலாத்தான் இருக்கு. ஏன்?"

அவள் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து செல்போனில் தேடினேன். அது நெபுலாவாம், புது நட்சத்திரங்கள் உருவாகிற வாயு மேகம். ஆபீஸ் விட்டால் வீடு என்றே இருந்தவன் நான். அதைப் படம் எடுத்தே தீர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மனைவியின் தம்பி சிதம்பரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். "மண்டபத்துல அவ்ளோ லைட்டு போட்டே முகம் இருட்டா விழுது மாமா. இதுல வானத்த எங்க எடுக்கறது?" ஆனாலும் பெரிய லென்ஸோடு வந்தான். ஸ்ரீமுஷ்ணம் பக்கம், விளக்கு வெளிச்சம் எட்டாத அவன் நண்பரின் கரும்புக்கொல்லைக்குப் போனோம்.

முதல் நாள் லென்ஸில் பனி இறங்கி, எடுத்ததெல்லாம் வெள்ளையாகப் போனது. அடுத்த சனிக்கிழமை மனைவியும் வந்தாள், இடுப்பு வலிக்கு வைக்கும் வெந்நீர்ப் பையோடு. அதை லென்ஸோடு சேர்த்துத் துண்டால் கட்டினாள். பனி ஒட்டவில்லை. தம்பி ஷட்டரை இரண்டிரண்டு நொடி திறந்து வைத்து இருநூறு படத்துக்கு மேல் எடுத்தான்.

மறுநாள் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தான். வெறும் கறுப்பு. வெளிச்சத்தை மெல்ல ஏற்ற ஏற்ற, ரோஜா நிறத்தில் இரண்டு சிறகு விரிந்து வந்தது. ஓரத்து நட்சத்திரங்கள் சற்று இழுபட்டிருந்தன.

"இந்தக் கலரு நான் போட்டதில்ல மாமா," என்றான் மெதுவாக. "அங்கயே இருக்கு."

கல்யாணப் படங்களுக்கு நடுவில் அதை மாட்டியிருக்கிறான். போன வாரம் அவனே போன் செய்தான். "வைகாசியில தனுசு பக்கம் இன்னும் பெருசா ஒண்ணு தெரியுமாம். போவலாமா மாமா?"

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.