ஆறு நிமிடம் முந்திய கடிகாரம்

எங்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் அவருக்கு லைனக்கா என்று பெயர். என்னைவிட நான்கு வயது மூத்தவர்; எல்லாரையும் போல நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். தொலைபேசி இணைப்புப் பலகைக்கு முன்னால் இருபத்து மூன்று வருடம், ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தார். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அவரிடம் எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் சமாதானம் சொல்லி இணைத்துவிடுவார். அப்படி வந்த பெயர்.

அறக்கட்டளை ஆண்டுதோறும் இரண்டு சர்வதேச விருதுகள் வழங்கியது. ஒன்று அறிவியல் ஆராய்ச்சிக்கு, மற்றொன்று கலைக்கு. ஒன்பது பேர் கொண்ட தேர்வுக் குழு மாடியில் கூடும். அந்தக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை எழுதியவன் நான். யார் எப்போது வந்தார், எப்போது வாக்கெடுப்பு, தலைவர் எப்போது கையெழுத்திட்டார் என எல்லாவற்றையும் நிமிடத்தோடு எழுதுவேன். அறையின் கதவு வழியாகக் கீழ்த்தளக் கூடத்தின் சுவர்க்கடிகாரம் நேரே தெரியும். அது நிறுவனர் வாங்கி மாட்டியது. அது தப்பாது என்பது எங்களுக்கு வேதவாக்கு.

அந்தக் கடிகாரம் பதினேழு வருடம் ஆறு நிமிடம் முந்தி ஓடியது. அது லைனக்கா ஒருவருக்குத்தான் தெரியும்.

கடைநிலை ஊழியர் ஓய்வு பெற்றபின், திங்கட்கிழமைதோறும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலை லைனக்காவின் தலையில் விழுந்தது. அப்போது அவருடைய மகளுக்கு மூன்று வயது. குழந்தையை விட்டுவந்த காப்பகம் ஐந்தரைக்குப் பூட்டப்படும். அலுவலகம் ஐந்துக்கு முடியும். பேருந்து நிறுத்தத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. பேருந்தோ ஐந்து பத்துக்கு. அதை விட்டால் அடுத்தது ஐந்து நாற்பதுக்குத்தான். தினமும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார். ஒரு மழை நாளில் ஓடியும் கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது காப்பகம் பூட்டியிருந்தது. குழந்தை தன் காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு வெளிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தது.

"அழுதிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் சார். அழவே இல்ல. என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டுச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை சாவி கொடுக்கும்போது பெரிய முள்ளை ஆறு நிமிடம் முன்னால் தள்ளிவிட்டார்.

முதல் வாரம் சிலர் தங்கள் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். நானும் திருத்திக்கொண்டேன். அலுவலகம் முழுவதும் ஆறு நிமிடம் முன்னதாக வந்து, ஆறு நிமிடம் முன்னதாகப் போயிற்று. யாருக்கும் நஷ்டமில்லை.

நிம்மதியை இழந்தவர் லைனக்காதான். வெளியூர் அழைப்புகளின் நேரத்தை அவர் ஓர் ஏட்டில் எழுத வேண்டும். தொலைபேசித் துறையின் பட்டியலிலும் அதே அழைப்பின் நேரம் இருக்கும். கணக்குப் பிரிவில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதனால் வார் அறுந்த ஒரு கைக்கடிகாரத்தை மேசை இழுப்பறையில் வைத்து, அதில் சரியான நேரத்தை ஓடவிட்டு, அதைப் பார்த்தே ஏட்டில் எழுதினார். திங்கட்கிழமை காலையில், தொலைபேசித் துறையின் நேரம் சொல்லும் எண்ணுக்கு அழைத்து இழுப்பறைக் கடிகாரத்தைத் திருத்துவார். பிறகு முக்காலியில் ஏறிச் சுவர்க்கடிகாரத்தைச் சரியாக ஆறு நிமிடம் முந்தவைப்பார். ஆறு ஏழானால் யாராவது கவனிப்பார்கள் என்ற பயம்.

மகள் வளர்ந்து, படித்து, மணமாகிப் போனாள். இனி அந்த ஆறு நிமிடம் தேவையில்லை. மாதத்துக்கு ஒரு நிமிடமாகப் பின்னால் தள்ளிவிடலாம் என்று மூன்று முறை ஏறினார். மூன்று முறையும் முள்ளைத் தொடாமலே இறங்கிவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டால் வேலை போகும், ஓய்வூதியமும் போகும். யாராவது கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும், தவறான எண்ணைச் சுழற்றிவிடுவார். கடிகாரம் பழுதுபார்ப்பவர் யாராவது தெருவில் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் ஓய்வு பெற இருபத்தொரு மாதம் இருந்தபோதுதான் அது நடந்தது.

அக்டோபர் எட்டாம் தேதி, வியாழக்கிழமை. அறிவியல் விருதுக்கு ஒரு முதியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ஏரியின் அடிச்சேற்றை முப்பத்து நான்கு வருடம் அடுக்கடுக்காக எடுத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மழைக்காலங்களைக் கண்டறிந்தவர். எங்களுக்கு நேர் தெற்கே உள்ள நாட்டுக்காரர். இரு நாடுகளுக்கும் மணி ஒன்றே. தலைவர் கையெழுத்திட்டார். நான் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து, "முற்பகல் 11.05" என்று எழுதினேன்.

வழக்கப்படி லைனக்கா விருது பெறுபவரின் வீட்டுக்கு இணைப்புக் கேட்டார். எடுத்தவர் அவருடைய மகள். தகப்பனாரின் ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்தவர்.

"விருதுக் குழுவிலேருந்து பேசறோம்மா. அப்பாவைக் கூப்பிடறீங்களா?"

"அப்பா போயிட்டாருக்கா. இப்பதான். பத்து நிமிஷம்கூட ஆகல."

லைனக்கா பழக்கத்தில், "லைன்ல இருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். ஏட்டில் எழுதிய நேரம் 11.10.

எங்கள் விதிகளில் ஒன்று: தலைவர் கையெழுத்திடும்போது விருது பெறுபவர் உயிரோடிருக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு இறந்தால் விருது நிலைக்கும். முன்பே இறந்திருந்தால் பெயர் அடிக்கப்படும்.

வெள்ளிக்கிழமை காலை மருத்துவரின் சான்று தந்தியில் வந்தது. மரணம் முற்பகல் 11.02.

செயலாளர் அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார். "நம்ம குறிப்புல என்ன நேரம்?"

"பதினொண்ணு அஞ்சு."

"சந்தேகமில்லையே?"

"நான் எழுதினதுல எப்ப சார் சந்தேகம் வந்திருக்கு?" என்றேன். இன்றும் அந்தப் பதிலை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"மூணு நிமிஷம் முன்னாடி போயிட்டார். திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடட்டும். பேரை எடுத்துடலாம்."

இதெல்லாம் இரண்டடி தள்ளியிருந்த இணைப்புப் பலகை வரை கேட்டது. லைனக்கா மனதுக்குள் கழித்துப் பார்த்தார். பதினொன்று ஐந்தில் ஆறு போனால் பத்து ஐம்பத்தொன்பது. கையெழுத்து விழுந்தபோது அந்த மனிதருக்கு இன்னும் மூன்று நிமிட உயிர் இருந்தது.

பிற்பகலில் அந்த மகளே அழைத்தார். லைனக்கா செயலாளருக்கு இணைத்தார். இணைத்ததும் காதுக்கருவியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. அன்று கழற்றவில்லை.

"மூணு நிமிஷம்தாம்மா. எங்க கையில ஒண்ணுமில்ல" என்றார் செயலாளர்.

"அந்த நேரத்தைச் சொன்னது நான்தான் சார். டாக்டர் வர்றதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. நான்தான் சுவத்துல மணி பார்த்துச் சொன்னேன். அவசரப்பட்டுட்டேனோ? இன்னும் கொஞ்சம் மூச்சு இருந்திருக்குமோ? என்னாலதானே சார் அப்பா பேர் போகுது?"

லைனக்கா காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அன்று மாலை கணவரிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் கேலியாகவே எடுத்துக்கொள்வார்.

"பதினேழு வருஷமா ஒரு ஆபீஸையே ஏமாத்தியிருக்கே. நான் சட்டைப் பையில கால் ரூபா ஒளிச்சாக் கண்டுபிடிக்கிறவ!"

"விளையாடாதீங்க. திங்கக்கிழமை பேரை அடிச்சுடுவாங்க."

அவர் சிரிப்பு நின்றது. "தபாரு, அந்த மனுஷன் போயாச்சு. விருது குடுத்தா எழுந்து வந்து வாங்கிக்கப் போறாரா? இன்னும் இருபத்தொரு மாசம். வாயைத் தைச்சுக்க. திங்கக்கிழமை சாவி குடுக்கறப்போ முள்ளைப் பின்னால தள்ளிடு. கதை முடிஞ்சுது."

"அந்தப் பொண்ணு தன்னாலதான்னு நெனைக்குதுங்க."

"நீ சொல்லிட்டா உன்னாலன்னு ஆயிடும். அது பரவாயில்லையா?"

லைனக்காவுக்குச் சனியும் ஞாயிறும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கெல்லாம் வந்துவிட்டார். முக்காலியைப் போட்டு ஏறினார். கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து பெரிய முள்ளில் விரலை வைத்தார். இழுத்துவிட்டால் போதும். பதினேழு வருடமும் தடயமில்லாமல் போய்விடும். அந்த மகள் மட்டும் ஆயுள் முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

"என்னக்கா, கடிகாரப் பெரியவருக்குத் தலை வாரி விடறீங்களா?"

கூட்டிப் பெருக்க வந்த பெண் துடைப்பத்தோடு கீழே நின்றாள்.

"முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. கீழ எறங்குங்கக்கா, விழுந்து வெச்சீங்கன்னா நான்தான் தள்ளிவிட்டேன்னு சொல்லுவாங்க."

லைனக்கா விரலை எடுத்தார். முள் இருந்த இடத்திலேயே இருந்தது. கதவைச் சாத்திவிட்டு இறங்கினார்.

பதினொரு மணிக்குக் குழு கூடியது. தலைவர் பேனாவைத் திறந்தபோது கதவருகே லைனக்கா நின்றார். அத்தனை வருடத்தில் அவர் மாடியேறி நான் பார்த்ததில்லை. ஐந்து அழைப்பேடுகளை நெஞ்சோடு அணைத்திருந்தார். மேலே அந்த வார் அறுந்த கைக்கடிகாரம்.

"கூடத்துக் கடிகாரம் ஆறு நிமிஷம் முந்தி ஓடுதுங்கய்யா. நான்தான் முந்தவெச்சேன். அந்தப் பெரியவர் உயிரோட இருக்கும்போதுதான் நீங்க கையெழுத்துப் போட்டீங்க."

செயலாளர் எழுந்து போய் நேரம் சொல்லும் எண்ணுக்கு அழைத்தார். பதினொன்று ஒன்பது என்றது. கூடத்துக் கடிகாரத்தில் பதினொன்றேகால். ஒன்பது பேரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்கூட வந்திறங்கிய அன்றே எங்கள் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். ஒருவர் சிரித்துவிட்டு, மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

"இன்னைக்குக் காலைல நீங்களே தள்ளி வெச்சிருக்கலாமே? முக்காலிமேல நின்னதைப் பார்த்தவங்க இருக்காங்க" என்றார் செயலாளர்.

அந்தத் திசையிலிருந்து அடி விழும் என்று லைனக்கா எதிர்பார்க்கவில்லை. ஏடுகளை மேசையில் வைத்து, "இதுல பாருங்கய்யா. இதுல இருக்கறதெல்லாம் நெசமான நேரம்" என்று மட்டும் சொல்லிக் கீழே போனார்.

ஒப்பிடும் வேலை என்னிடம் வந்தது. கூட்டம் நடக்கையில் தலைவர் பேசிய வெளியூர் அழைப்புகளை நானும் குறித்திருக்கிறேன், லைனக்காவும் குறித்திருக்கிறார், தொலைபேசித் துறையின் பட்டியலும் இருந்தது. பதினேழு வருடத்தில் நாற்பத்தொரு அழைப்புகள் அப்படிச் சிக்கின. நாற்பத்தொன்றிலும் துறையின் பட்டியல் அவர் ஏட்டோடு ஒத்துப்போயிற்று. என் குறிப்பு மட்டும் ஆறு நிமிடம் தள்ளி நின்றது. ஆறுக்குக் குறையவுமில்லை, கூடவுமில்லை. முடிக்க மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த நேரமெல்லாம் அவர் கீழே, யார் காலடி படியில் கேட்டாலும் எழுந்து எழுந்து நின்றுகொண்டிருந்தாராம்.

விருது நிலைத்தது. செயலாளர் இறங்கிவந்து, "அந்தப் பொண்ணுக்கு லைன் போடுங்க. உங்க விஷயத்தைத் தனியா முடிவு பண்ணுவோம். லெட்டர் வரும்" என்றார்.

லைனக்கா லைன் போட்டார். பேசியவர் தலைவர். இந்த முறை லைனக்கா காதுக்கருவியைக் கழற்றிவிட்டார். அந்த மகள் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அன்று நாலரை மணிக்குத் தலைவரே முக்காலியில் ஏறி முள்ளைப் பின்னால் தள்ளினார். அதன்பின் லைனக்காவுக்கு ஒரு நாளும் ஐந்து பத்துப் பேருந்து கிடைக்கவில்லை. நிறுத்தத்தில் ஐந்து நாற்பது வரை நிற்பார். "நேர்மைக்குப் பரிசு, அரை மணி நேரம் கொசுக்கடி" என்பாராம் கணவர்.

கடிதம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். விருது நின்றது அவருடைய வாக்குமூலத்தின் மீதும் ஏடுகளின் மீதும். பொய்க்காரி என்று அவரை நீக்கினால், அந்த விருதுக்கு ஆதாரம் என்று காட்ட எதுவும் மிஞ்சாது. செயலாளருக்கு இது முதல் நாளே விளங்கிவிட்டது. ஆனால் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. நான் லைனக்காவிடம் ஒரு முறை அல்ல, நான்கு முறை சொன்னேன்.

"உங்களுக்குக் கணக்குத் தெரியும் சார். அவங்க மனசு தெரியுமா?" என்பார். தபால் வரும் நேரத்தில் அவர் விரல்கள் இணைப்புப் பலகையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

இருபத்தொரு மாதமும் அப்படியே கழிந்தன. கடைசி நாளன்று கடிகாரச் சாவியை என்னிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மணி நாலு ஐம்பத்திரண்டு. "இன்னைக்காவது முன்னாடியே கெளம்புங்கக்கா. அந்தப் பஸ்ஸைப் பிடிக்கலாம்" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தபால் பெட்டியைப் பார்த்தார்.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு சார். அதுக்குள்ள லெட்டர் வந்தாலும் வரும்" என்று சொல்லி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்கு எழுந்தார். வருகைப் பதிவேட்டில் அன்றைய நேரம் அப்படித்தான் இருக்கிறது.