விசாவுக்கு ஒரு தாய்மாமன்

போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பன்னீர் தெளித்த பிள்ளை என் மூக்குக்கண்ணாடியைக் குறிபார்த்துத் தெளித்துவிட்டாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் மணவறையில் பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை சிரிக்கிறான். ஐயர்கூட மந்திரத்துக்கு நடுவில் ஒரு சிரிப்புச் சிரித்தார். படம் எடுக்கிற பெடியனோ யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கமெராவை நீளமான ஒரு இரும்புக் கையில் பூட்டி எங்கள் தலைகளுக்கு மேலே ஆட்டிக்கொண்டு, மற்றக் கையால் வடை தின்றுகொண்டிருந்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மனிதரைக் கலியாண வீட்டில் சிரிக்கவைப்பதற்காக மாதச் சம்பளம் வாங்கியவன் நான். உலகத்தில் வேறு எவருக்கும் இப்படியொரு உத்தியோகம் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

யுத்த காலம். கணக்காளர் பரீட்சையில் சித்தியடைவதென்று கொழும்புக்கு வந்தேன். பரீட்சைக்கு அந்த எண்ணம் இருக்கவில்லை. கடைசியில் காலி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் ஒட்டிக்கொண்டேன். மாடியில் இருட்டறை. பாஸ்போர்ட் படங்களைக் கழுவுகிற திராவகங்களின் புளித்த வாசனை சட்டையில் ஏறி, தோலில் ஏறி, நான் போகுமிடமெல்லாம் அச்சாறுச் சாடியின் மூடியைத் திறந்த மாதிரி இருக்கும். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து ஆசனம் எப்போதும் காலி. அந்த நாளில் பஸ்ஸில் தாராளமாகக் கால் நீட்டி இருந்து போன தமிழன் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

நான் தங்கியிருந்த லொட்ஜ் கடலை நோக்கி இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. ஹார்ட்போட் தட்டியால் பிரித்த அறைகள். ஒரு அறையில் இருமினால் மூன்றாவது அறையில் சுடுதண்ணீர் வைப்பார்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் வடக்கிலிருந்து வந்து எதற்கோ காத்திருந்தவர்கள். ஏஜென்சிக்காரனுக்கு, ஸ்பொன்சருக்கு, மகன் எடுக்கப்போகும் டெலிபோனுக்கு. ‘என்ன வேலை செய்யிறீங்கள்?’ என்று கேட்டால் வெட்கமில்லாமல் ‘வெயிற்றிங்’ என்று சொல்லக்கூடிய காலம்.

அங்கே இரண்டு விதமான விசாரணை நடக்கும். பொலிஸ் வந்து ‘மொகட ஆவே?’ என்று கேட்கும். எதற்கு வந்தாய் என்பது கேள்வி. அதற்குப் பதிவுத் துண்டைக் காட்டினால் போதும். மற்றது எங்கள் ஆட்கள் எங்களையே கேட்பது: ‘தம்பி எவடம்?’ இதற்குத் துண்டு செல்லாது. ஊரைச் சொன்னால் ஒழுங்கை கேட்பார்கள். ஒழுங்கையைச் சொன்னால் கோயில். கோயிலைச் சொன்னால் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள் என்பது வரைக்கும் போகும். கிணறு தெரிந்துவிட்டால் உங்களைப் படலையில் நிறுத்துவதா, விறாந்தையில் இருத்துவதா, உள்ளே கூப்பிடுவதா என்று தீர்மானித்துவிடுவார்கள். லொட்ஜிலே படலையும் இல்லை, விறாந்தையும் இல்லை. இருந்தது ஒரே ஒரு கக்கூஸ். அதன் வரிசையில் குலம் கோத்திரம் பார்த்து நின்றவர் எவரும் உரிய நேரத்தில் உள்ளே போனதில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு குளிர்நாட்டுத் தூதரகம் எங்கள் கலாசாரத்தில் கை வைத்தது. கலியாணம் முடித்து மாப்பிள்ளையிடம் போக விண்ணப்பித்த ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கலியாணப் படங்களைப் பார்த்த அதிகாரிக்கு அது கலியாணமாகத் தெரியவில்லையாம். அவரில் பிழை சொல்ல முடியாது. படத்தில் ஆறேழு பேர். எல்லோரும் பிரேதம் எப்போது எடுப்பார்கள் என்று காத்திருக்கிற முகத்தோடு. அது சத்தியமான கலியாணம். சுற்றமெல்லாம் ஆனையிறவுக்கு அப்பால் அகப்பட்டுக் கிடந்தது. தாலி ஏறும்போது பல்லைக் காட்டுகிற பெண்ணை எங்கள் ஊர் என்ன சொல்லும் என்று அதிகாரிக்கு யார் விளங்கப்படுத்துவது? அவருடைய நாட்டில் சந்தோஷம் என்றால் பல்.

செய்தி வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸை விட வேகமாகப் போனது: ‘ஆக்களும் பல்லும் வேணுமாம்.’

என் முதலாளி கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர். என்னைக் கூப்பிட்டார். “ஐசே, உங்கட ஆக்கள் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஒரே மூஞ்சியத்தானே கொண்டுவாறாங்க. இனி படம் எடுக்கிறது நான். சிரிக்க வைக்கிறது நீ.”

அப்படித்தான் உத்தியோகம் உயர்ந்தது. ஆட்களுக்கு லொட்ஜ் இருந்தது. யாருக்குக் கலியாணம் என்றாலும் லொட்ஜே வேட்டி கட்டிக்கொண்டு, சேலை உடுத்திக்கொண்டு கிளம்பும். பெரியப்பா, சித்தி, மச்சான் எல்லாம் அறைவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படும். நானும் ஆள் போதாத இடத்தில் பெரியம்மாவின் மகனாகப் போய் நிற்பேன். முதலாளி ஒருநாள் தடுத்துவிட்டார். “நீ இனி போட்டோல நிக்காத. எம்பசிக்காரன் றோட்டில கண்டா உனக்குத் தலையாட்டுவான் போலிருக்கு.”

அந்தக் காலத்தில்தான் தம்பையா மாஸ்டர் மகள் வசந்தியோடு லொட்ஜுக்கு வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். மனைவி இல்லை. ஊர் வீட்டில் ஷெல் விழுந்து சமையலறைச் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. கிளாலிக் கடலைப் படகில் கடந்து வந்தவர்கள். நல்ல காலத்தில் வசந்திக்கு வந்த மாப்பிள்ளைமாரையெல்லாம் ஏழு தலைமுறைக்குத் தோண்டிப் பார்த்துத் திருப்பியவர் மாஸ்டர். அப்படித் தோண்டிக்கொண்டிருந்ததில் வசந்திக்கு முப்பது கடந்துவிட்டது. இப்போது வெளிநாட்டில் மீன் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒருவர் சம்மதித்திருந்தார். மாஸ்டர் அதை ‘கடல்சார் கொம்பனி’ என்று சொல்லுவார். மாப்பிள்ளை சின்ன லீவில் வந்து தாலி கட்டிவிட்டுப் போவதென்று ஏற்பாடு. விசா கிடைத்தால் வசந்திக்கு ஒரு வாழ்க்கை. கிடைக்காவிட்டால் அந்தச் சமையலறைச் சுவர்.

கலியாணத்துக்கு ஒரு தாய்மாமன் வேண்டியிருந்தது. பெண்ணைக் குளிக்கவார்க்க முதல் தேங்காய் உடைத்து, தலையில் பாலும் அறுகும் வைப்பவர் மாமன்தான். வசந்தியின் உண்மையான மாமன் வடக்கைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைக்காமல் ஊரில் நின்றார். லொட்ஜில் ராசன் அண்ணை இருந்தார். ஐம்பது வயது வராது. ஆனால் தலை முழுக்க வெள்ளி. நெடிய ஆள், தங்க விளிம்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சேட். பார்த்தால் ஓய்வுபெற்ற நீதவான். உண்மையில் ஏஜென்சிக்காரனிடம் ஏமாந்து, இன்னொரு ஏஜென்சிக்காரனிடம் ஏமாறுவதற்காகக் காத்திருந்தவர்.

மாஸ்டர் தமது பரீட்சையை நடத்தாமல் விடவில்லை.

“நீர் எவடம்?”

“உங்கட பக்கந்தான் மாஸ்டர்.”

“எங்கட பக்கமெண்டால், எந்தக் கோயிலடி?”

“கோயிலுக்குக் கொஞ்சம் வெளியிலை.”

“வெளியிலை எண்டால்...”

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து யாரோ “தண்ணி வந்திட்டுது!” என்று கத்தினார்கள். மாஸ்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கொழும்பு மாநகரத்தின் தண்ணீர்க் குழாய் ஏழு தலைமுறையைக் காப்பாற்றியது. திரும்பி வந்தவர் ராசன் அண்ணையின் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். “முகத்திலையே தெரியுது, நல்ல ஆக்கள்” என்று எனக்குச் சொன்னார்.

கலியாணத்தன்று வசந்தி பலகையில் இருந்தாள். முகம் உறைந்துபோயிருந்தது. நான் என் கைவசமிருந்த பகிடியெல்லாம் விட்டேன். முதலாளி மட்டும் சிரித்தார். ராசன் அண்ணை தேங்காயை ஒரே அடியில் இரண்டாக உடைத்தார். பாலையும் அறுகையும் எடுத்து வசந்தியின் தலையில் வைத்தார். குனிந்து, “பிள்ளை, வெள்ளைக்காரன் பல்லு டொக்டர் மாதிரி. வாயைத் திறந்தால்தான் அலுவல் பாப்பான்” என்றார். வசந்தி வாய்விட்டுச் சிரித்தாள். பால் நெற்றியில் வழிய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் சிரிக்க, பக்கத்தில் அந்த நீதவான் பெருமையோடு நிற்க, முதலாளி கமெராவை அமத்திவிட்டார். எங்கள் ஸ்டூடியோவில் அதைப் போல ஒரு படம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சாப்பாட்டுப் பந்தியில் மாஸ்டருக்குப் பக்கத்தில் கந்தையர் இருந்தார். ஒரே ஊர்க்காரர், முந்தின வாரம்தான் கொழும்புக்கு வந்தவர். பாயாசத்தை உறிஞ்சிக்கொண்டு, “மாஸ்டர், பால் அறுகு வைச்சது எங்கட வளவுப் பனையிலை ஏறின சின்னானின்ரை பெடியனெல்லோ?” என்றார். மாஸ்டரின் பாயாசம் கையிலேயே நின்றது.

மறுநாள் காலை மாஸ்டர் ஸ்டூடியோவில். பின்னால் வசந்தி. மாப்பிள்ளை புறக்கோட்டையில் சூட்கேஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, உந்தப் படத்தைக் கழியும். கந்தையரை வைச்சு வேறை ஒண்டு எடுப்பம்.” பைக்குள்ளிருந்து ஒரு பால்பக்கற்றையும் கொஞ்ச அறுகம்புல்லையும் எடுத்து மேசையில் வைத்தார்.

முதலாளி படத்தையும் மாஸ்டரையும் மாறிமாறிப் பார்த்தார். “மாஸ்டர், கந்தையருக்கு முன்பல்லு ரெண்டும் இல்லையே. எம்பசிக்குப் பல்லுத்தானே முக்கியம்?”

“பகிடி விடாதையும். உது எங்கட குடும்ப விஷயம்.”

வசந்தி அதுவரை அந்த ஸ்டூடியோவில் ஒரு சொல் பேசியதில்லை. “அப்பா, படத்தைக் கழிக்கலாம். என்ரை தலையிலை வைச்ச பாலை என்ன செய்யப்போறியள்?”

“அது குளிச்சவுடனை போட்டுது.”

“குளிச்சால் போறதெண்டால் தாலியும் போகும். ரெண்டும் ஒரே நாளிலைதான் ஏறினது.” அவள் குரல் உயரவே இல்லை. “மாமாவின்ரை படம் இல்லாட்டி நான் இன்ரவியூவுக்குப் போகேல்லை. வாங்கோ, ஊருக்குப் போவம். அந்தச் சுவரோடை இருப்பம்.”

மாஸ்டர் கதிரையில் இருந்தார். மேசையில் பால்பக்கற் வேர்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் ஒரு வாத்தியாருக்குரிய தெளிவோடு தீர்ப்புச் சொன்னார்.

“சரி. ரெண்டு அல்பம் போடும். எம்பசி அல்பத்திலை அது இருக்கட்டும். வெள்ளைக்காரனுக்கு உதெல்லாம் விளங்காது. வீட்டு அல்பத்திலை வேண்டாம்.”

வீட்டு அல்பத்தை வைக்க அவருக்கு வீடு இருக்கவில்லை. அதை முதலாளி சொல்ல வாயெடுத்தார், காலில் மிதித்தேன்.

தூதரகத்தில் அதிகாரி அல்பத்தை விரைவாகத் தட்டிக்கொண்டு போனாராம். அந்தப் படத்தில் கை நின்றது. ‘இது யார்?’ என்று கேட்டார். “என்ரை தாய்மாமன்” என்றாள் வசந்தி. ‘அடிக்கடி சந்திப்பீர்களா?’ “ஒவ்வொரு நாளும். ஒரே பைப்பிலைதான் தண்ணி எடுக்கிறம்.” மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ, அதிகாரி பல்லைக் காட்டிவிட்டார். விசா வந்தது.

லொட்ஜே கொண்டாடிய அன்று மொட்டைமாடியில் ராசன் அண்ணையிடம் கேட்டேன். “மாஸ்டர் ஆரெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“தெரியாமல்? அவரிட்டைத்தானே படிச்சனான். எங்களுக்கு இருக்க வாங்கு இல்லை, பின்னாலை நிலத்திலை இருக்கவேணும். மாஸ்டர் கரும்பலகையைப் பாப்பார், வாங்குகளைப் பாப்பார். அதுக்கங்காலை அவருக்குப் பார்வை போகாது. அதுதான் என்ரை முகம் அவருக்குப் பிடிபடேல்லை.”

“பிறகேன் மாமனா நிண்டனீங்கள்?”

“கேட்டது பிள்ளையெல்லோ. நான் இன்ன ஆளெண்டு சொன்னனான். ‘தெரியும் மாமா, நேரத்துக்கு வாங்கோ’ எண்டுது. பிறகென்ன?”

கொஞ்ச நாளில் அவர் ஒரு அதிகாலையில் சின்னப் பையோடு போனார். புது ஏஜென்சி. போய்ச் சேர்ந்தாரா என்று ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டரை மகள் ஸ்பொன்சர் செய்து எடுத்தாள். யுத்தம் முடிந்தது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் மண்டபத்தை நிறைத்துச் சொந்த மாமன், சொந்தச் சித்தப்பாவோடு வருகிறார்கள். கடன் வாங்கிய உறவு ஒன்றும் தேவையில்லை. பல்லுக்கும் பஞ்சமில்லை. கிணற்றுக் கேள்வி மட்டும் இறக்கவில்லை. கொஞ்சக் காலம் தண்ணீர்க் குழாயடியில் களைப்பாறிவிட்டு எழுந்து, இன்றைக்கு இணையத்து மணமகன் தேடலில் கட்டம் கட்டி நிற்கிறது.

அந்தக் கலியாணத்துக்குப் போய் வந்த கிழமை வசந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். மாஸ்டர் தவறிவிட்டார் என்றாள். பிறகு, “அண்ணை, மாமாவை ஒருக்காத் தேடித் தாங்கோவன். இனி வீட்டுக்குக் கூப்பிடலாம்” என்றாள்.

எங்கே தேடுவது? கால் தானாக அந்த ஒழுங்கைக்குப் போனது. லொட்ஜ் இல்லை. கடலை மறைத்துக்கொண்டு பத்து மாடித் தொடர்மாடி. கீழே கண்ணாடிக் கதவு. மலைநாட்டுப் பக்கத்துப் பெடியன் ஒருவன் சீருடையில் காவல் இருந்தான்.

“யாரப் பாக்கணும் சார்?”

“முந்தி இங்கை இருந்த ஒரு மாமாவைத் தம்பி.”

“எத்தனாம் நம்பர் வீடு?”

“அப்ப நம்பர் இல்லை. தட்டிதான்.”

“முழுப் பேரு என்னங்க சார்?”

ராசன் என்றேன். முழுப்பெயர் எனக்குத் தெரியாது. அந்த லொட்ஜில் என்னைப் போன்றவர்கள் நாகரிகம் என்று எண்ணி எவரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்காமலிருந்தே ஒரு மனிதரைத் தொலைத்துவிட்டோம்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “சொந்த மாமாவா சார்?”

“ஓம்” என்றேன்.

அந்தத் தூதரக அதிகாரிக்கு வராத சந்தேகம் அவனுக்கு வந்தது. கதவைத் திறக்கவில்லை.